பழைய லினக்ஸில் நேர மண்டலத்தைப் புதுப்பித்தல்: நீண்டநாள் அனுபவம்

இந்தியாவுக்குள் மட்டும் கணினி வைத்திருப்பவருக்கு டிஇசட்டேட்டா (உலக நாடுகளின் நேர விதிகளின் தொகுப்பு) என்ற பெயரே தெரிந்திருக்க வேண்டியதில்லை. 1945-க்குப் பிறகு நம் நேரத்தில் யாரும் கை வைக்கவில்லை. இலங்கைக்காரர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். 1996-இல் இரண்டு முறை மாற்றி, 2006 ஏப்ரலில் மறுபடி நம்மைப் போல யுடிசி (உலகப் பொது நேரம்) கூட்டல் ஐந்தரை மணிக்கே வந்தார்கள். அதற்கு முந்தைய லினக்ஸ் சிடி ஒன்றைத் தேடியெடுத்து நிறுவி, கொழும்பைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், அரை மணி முன்னால் ஓடும்.

எனக்கு வந்த வேலை மெக்சிகோவால் வந்தது. அங்கே ஒரு கிடங்கில் இருக்கும் சென்ட்ஓஎஸ் 6 (ஒரு பழைய லினக்ஸ் வெளியீடு) சர்வர்களைப் பல வருடங்களாக இங்கிருந்து கவனித்துக்கொள்கிறேன். அந்த வெளியீட்டுக்கு 2020 நவம்பரோடு ஆதரவு முடிந்துவிட்டது. மெக்சிகோவோ 2022 அக்டோபர் கடைசியில் கோடைகால நேரத்தையே (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைக்கும் வழக்கம்) பெரும்பாலான இடங்களில் தூக்கிவிட்டது. சட்டம் வெளியானது 28-ஆம் தேதி, அமலுக்கு வந்தது 30-ஆம் தேதி! டிஇசட்டேட்டாவை வெளியிடும் ஐயானா அமைப்பின் 2022எஃப் பதிப்பில் உடனே திருத்திவிட்டார்கள். ஆனால் பழைய சர்வரில் யம் அப்டேட் (புதுப்பிப்புக் கட்டளை) கொடுத்தால் ஒன்றும் வராது. அப்படியே விட்டால் 2023 ஏப்ரல் முதல் ஞாயிறன்று எல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் குதித்திருக்கும்.

இந்த மாதிரி நேரத்தில் பலரும் செய்வது, டேட் கட்டளையால் மணியைத் திருத்துவது. அது வேண்டாம். உள்ளே ஓடும் யுடிசி நேரம் சரியாகத்தான் இருக்கிறது, அதை உள்ளூர் நேரமாக மாற்றும் விதிதான் பழசு. நீங்கள் திருத்தினால் என்டிபி (இணையத்தில் கடிகாரத்தைச் சரிபார்க்கும் சேவை) திரும்ப இழுத்துவிடும். கோஸ்டா ரிக்காவின் மண்டலத்தை வைத்துக்கொள்வது இன்னொரு குறுக்குவழி. யுடிசியிலிருந்து அதே ஆறு மணி வித்தியாசம், கோடைகால நேரமும் கிடையாது. அவசரத்துக்குச் சரி. அப்புறம் 2019 ஜூலை பதிவைத் திறந்தால் அது ஒரு மணி பின்னால் காட்டும். கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் சும்மா விடுவார்களா?

எனக்குச் சரிப்பட்டு வந்த வழி, மூலத் தரவைப் புதிய கணினியில் ஸிக் (நேர விதிகளைக் கணினி படிக்கும் கோப்புகளாக்கும் நிரல்) கொண்டு தொகுத்து, அந்தக் கோப்புகள் இருக்கும் ஸோன்இன்ஃபோ ஃபோல்டரை அப்படியே பழையதில் போடுவது. இந்தக் கோப்புகள் எந்த ப்ராசஸர் என்று பார்ப்பதில்லை, எங்கும் பயன்படும். ஒன்று மட்டும் கவனம்: 2020பி முதல் ஸிக் இயல்பாக ‘ஸ்லிம்’ என்ற சுருக்க வடிவில் எழுதுகிறது. பழைய 32 பிட் கணினி கோப்பின் முதல் பகுதியைத்தான் படிக்கும், ஸ்லிம்மில் அது காலி. ஆகவே ‘ஃபேட்’ என்ற முழு வடிவைக் கேட்டுத் தொகுக்க வேண்டும். பழைய கணினியிலேயே தொகுத்தால் என்ன என்று தோன்றலாம். 2024பி முதல் தரவின் எழுத்து முறையே மாறியிருக்கிறது, அந்தக் கால ஸிக்குக்கு அது புரியாது.

ஃபோல்டரை மாற்றியதோடு வேலை முடியவில்லை. சென்ட்ஓஎஸ் 6-இல் ஈடிசி அடைவிலுள்ள லோக்கல்டைம் (கணினி தன் மண்டலத்தைப் படிக்கும் கோப்பு) பெரும்பாலும் சுட்டி (லிங்க்) இல்லை, தனி நகல். புதிய கோப்பை அதன் மேலும் எழுத வேண்டும். பிறகு மண்டலத்தின் நேர மாற்றங்களைப் பட்டியலிடும் ஸெட்டம்ப் கொண்டு பார்ப்பேன். மெக்சிகோ சிட்டிக்கு 2023-இல் மாற்றமே காட்டக் கூடாது. கடைசியில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானையும் பதிவுகளை எழுதும் சிஸ்லாகையும் ரீஸ்டார்ட் செய்துவிடுவது நல்லது.

என்னை எரிச்சலூட்டுவது ஜாவாதான். அது தனக்கென்று ஒரு நேர அட்டவணை வைத்திருக்கிறது, லினக்ஸில் என்ன செய்தாலும் கண்டுகொள்ளாது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் பெயர் வைத்த மண்டலங்களைப் பயன்படுத்தினால் அதன் அட்டவணைகளையும் மறுபடி நிரப்ப வேண்டும். ஒரே நேரத்தை மூன்று இடத்தில் திருத்துவதை யார் நல்ல வடிவமைப்பு என்பார்கள்?

மெக்சிகோவின் எல்லை நகரங்களில் சர்வர் இருந்தால் கூடுதல் வேலை. பல எல்லை நகரங்கள் அமெரிக்காவை ஒட்டியே கடிகாரத்தை மாற்றுகின்றன. அவற்றில் ஒன்றான ஹுவாரெஸுக்கு 2022ஜி பதிப்பில் புது மண்டலப் பெயரே கொடுத்துவிட்டார்கள். அதுவரை பக்கத்து எல்லை நகரான ஒஹினாகாவின் மண்டலத்தை வைத்திருந்த ஹுவாரெஸ் கணினியில் தரவை மட்டும் புதுப்பித்தால் போதாது, பெயரையும் கையால் மாற்ற வேண்டும்.