உவர்மலை சி++ வார இறுதி வகுப்பு: கொன்ஸ்ட்ரக்டர் நன்று, டிஸ்ட்ரக்டர் அரைகுறை

திருகோணமலை உவர்மலைப் பக்கம் நடக்கும் இந்த சி++ நிரலாக்க வகுப்புக்கு வருபவர்கள் அநேகமாக உயர்தரத்தில் பைதன் படித்துவிட்டு வருபவர்கள். அவர்களுக்கு ஏற்ற உதாரணம்தான் எடுத்திருக்கிறார்கள்: நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போகும் படகு. இருக்கை எண்ணிக்கை படகு கிளாஸின் ஒரு மெம்பர் (உள்ளே இருக்கும் மாறி), அந்த அளவுக்கு 'நியூ' கொண்டு நினைவகம் ஒதுக்கிய இருக்கை அரே இன்னொன்று.

பொருள் உருவாகும்போது ஓடும் கொன்ஸ்ட்ரக்டர் பற்றிய பகுதி அருமை. கிளாஸில் அரேயின் பொயின்டரை (அதன் நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறியை) முதலிலும் எண்ணிக்கையைப் பிறகும் அறிவித்துவிட்டு, மெம்பர்களுக்குத் தொடக்கப் பெறுமதி கொடுக்கும் இனிஷியலைசர் பட்டியலில் மட்டும் மாற்றி எழுதச் சொல்கிறார்கள். கம்பைலர் பட்டியலின் வரிசையைப் பார்ப்பதில்லை. அறிவித்த வரிசையில்தான் நிரப்பும். ஆகவே எண்ணிக்கை நிரம்ப முன்பே, அதிலிருக்கும் குப்பைப் பெறுமதியைக் கொண்டு அரே உருவாகிறது. 'வோல்' (-Wall) எச்சரிக்கையைப் போட்டால் ஜிசிசி கம்பைலர் இதைச் சொல்லிவிடும் என்பதையும் செய்து காட்டுகிறார்கள். ஓர் எண்ணை மட்டும் வாங்கும் கொன்ஸ்ட்ரக்டருக்கு 'எக்ஸ்ப்ளிசிட்' போடாவிட்டால், படகு கேட்கும் ஃபங்ஷனுக்கு வெறும் 12 கொடுத்தாலும் சத்தமில்லாமல் ஒரு படகு பிறந்துவிடும். இதைச் சொல்லித்தரும் வகுப்புகள் குறைவு.

பொருள் அழியும்போது ஓடும் டிஸ்ட்ரக்டருக்கு வந்ததும் அவசரம் தெரிகிறது. அரேயைச் சதுர அடைப்புள்ள 'டிலீட்' கொண்டு விடுவிக்க வேண்டும் என்பதோடு வகுப்புக் கையேடு நின்றுவிடுகிறது. சிக்கல் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். படகை இன்னொரு மாறியில் நகலெடுத்தால், அல்லது ஒரு ஃபங்ஷனுக்குப் பெறுமதியாக அனுப்பினால், பொயின்டர் மட்டும்தான் நகலாகும். ஸ்கோப் (மாறி வாழும் பகுதி) முடியும்போது இரண்டு டிஸ்ட்ரக்டர்களும் ஒரே நினைவகத்தை விடுவிக்கப் பார்க்கும். லினக்ஸில் பெரும்பாலும் 'டபுள் ஃப்ரீ' என்று நின்றுவிடும். வேறு கணினியில் ஒன்றுமே நடக்காததுபோல முடிந்தாலும் முடியும், அதுதான் ஆபத்து. டிஸ்ட்ரக்டர் எழுதினால் கொப்பி கொன்ஸ்ட்ரக்டரும் அசைன்மென்ட் ஒப்பரேட்டரும் எழுத வேண்டும், அல்லது இரண்டையும் 'டிலீட்' என்று அறிவித்துத் தடுக்க வேண்டும். அதைவிட நல்லது, அரேக்குப் பதிலாக, நினைவகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் வெக்டர் வைப்பது. அப்போது மூன்றில் ஒன்றுமே எழுதத் தேவையில்லை. இந்த ஒரு பக்கம் இல்லாத குறிப்பு, நங்கூரம் இல்லாத படகு.

வேர்ச்சுவல் டிஸ்ட்ரக்டருக்கு ஒரு வரிதான். பேஸ் (தாய்) கிளாஸின் பொயின்டர் வழியாக டிரைவ்ட் (அதிலிருந்து பிறந்த) கிளாஸின் பொருளை டிலீட் செய்யும்போது அது இல்லாவிட்டால் நடத்தைக்கு உத்தரவாதமே கிடையாது என்பதைக் காரணத்தோடு சொல்லியிருக்கலாம்.

மற்ற மொழிகளோடு ஒப்பிடும் கையேட்டு அட்டவணையையும் திருத்த வேண்டும். ஜாவாவின் 'ஃபைனலைஸ்' இன்னும் டிஸ்ட்ரக்டராகவே நிற்கிறது. 2017இல் வந்த ஜாவா 9 அதைக் கைவிடத்தக்கது என்று குறித்துவிட்டது. பைதனின் 'டெல்' முறையும் எப்போது ஓடும் என்று நம்பியிருக்க முடியாது. ஃபைலை மூடுவதென்றால் 'வித்' போதும்.

ஆய்வுகூடக் கணினிகளில் நிரல் எழுதும் மென்பொருளாக டெவ் சி++ 5.11 இருக்கிறது. அதோடு வரும் ஜிசிசி 4.9.2 இயல்பாக சி++98 வழியில் ஓடும். சி++11இல் வந்த, நினைவகத்தைத் தானே விடுவிக்கும் 'யுனிக் பொயின்டர்' எழுதியதும் பிழை வரும். கம்பைலர் ஒப்ஷன்ஸில் சி++11 என்று மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். மடிக்கணினி இருந்தால் புதிய ஜிசிசியைப் போட்டுக்கொண்டு போவது இன்னும் நல்லது. 6ஆம் பதிப்பிலிருந்து சி++14 அல்லது அதற்குப் பிந்தியதுதான் இயல்பு. லினக்ஸ் என்றால், நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சனிடைசரையும் அதில் திறந்து வைத்தால், கையேடு விட்ட இரட்டை விடுவிப்பை எந்த வரியில் நடந்தது என்று அதுவே காட்டிவிடும்.