சரிவான பக்கவாட்டு இடம்: கல்கட்டா, வெட்டிவேரா, சிமெண்ட் சுவரா?

ஏற்காட்டு வீடுகள் பலவற்றில் சுவருக்கும் வேலிக்கும் நடுவே பத்தடிதான் இருக்கும், அதற்குள்ளேயே நாலடி இறக்கமும் இருக்கும். கீழே கன்னங்குறிச்சி, கொண்டப்பநாயக்கன்பட்டி பக்கத்து மலையடிவார மனைகளிலும் இதே நிலைதான். கையில் காசு குறைவு, மண்ணும் நிற்க வேண்டும் என்றால் மூன்று வழி உண்டு. கீழே உள்ள கணக்கெல்லாம் 30 அடி நீளத்துக்கு.

எதைத் தேர்ந்தாலும் முதல் வேலை தண்ணீரைத் திருப்புவது. கூரைத் தண்ணீர் நேராகச் சரிவில் விழுந்தால் மூன்று வழியுமே தோற்கும். சரிவின் தலைப்பில் ஓரடி அகலம், முக்கால் அடி ஆழத்தில் ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். எட்டடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் போதும். கூடினால் வாய்க்காலே மண்ணை அரிக்கும். வாட்டம் பார்க்க ரசமட்டத்தைவிட டியூபில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதுதான் நம்பகம்.

சாந்து இல்லாத கல்கட்டு, காப்பித் தோட்டங்களில் காலங்காலமாக இருப்பது. மனையிலேயே கல் கிடந்தால் இதைவிட மலிவு எதுவும் இல்லை. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றிக் கொண்டுவர வேண்டுமென்றால் கல்லின் விலையை லாரி வாடகை விழுங்கிவிடும். மூன்றடி உயரச் சுவருக்கு அடியில் இரண்டடி அகலம் வேண்டும். மேல்மண்ணை நீக்கிக் கெட்டித் தரை வரும்வரை, குறைந்தது முக்கால் அடி, பள்ளம் எடுங்கள். முன்முகம் ஓரடி உயரத்துக்கு இரண்டு அங்குலம் உள்வாங்க வேண்டும். அப்படிக் கட்டினால் உச்சியில் ஒன்றரை அடி அகலம் வரும். பள்ளத்தையும் சேர்த்துக் கல் சுமார் 2 யூனிட் (200 கன அடி) பிடிக்கும், கழிவுக்கு அரை யூனிட் கூடுதலாக வையுங்கள். பின்னால் ஓரடி அகலத்துக்கு ஒன்றரை அங்குல ஜல்லி, ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு.

இந்தச் சுவர் வயிறு தள்ளிச் சரிவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். முன்னால் அழகான பெரிய கல்லை நிறுத்திவிட்டு, பின்னால் கூடை கூடையாக மண்ணைக் கொட்டியிருப்பார்கள். கல்லின் நீளம் சுவருக்குள் போக வேண்டும், முகத்தில் படுக்கக் கூடாது. நாலடிக்கு ஒன்றாவது சுவரின் முழு அகலத்துக்கும் ஓடும் நீளக் கல்லாக இருக்கட்டும். ஒரு வரிசையின் இடுக்கு அடுத்த வரிசையின் இடுக்குக்கு நேராக வரக்கூடாது. சில்லுக்கல்லை அடித்து இறுக்கிய பிறகு, மேலே ஏறி நின்று ஆட்டிப் பாருங்கள். ஆடும் கல்லை அப்போதே எடுத்து மாற்றிவிடுங்கள்.

சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நட்டு மண்ணைப் பிடிக்கவைக்கும் வெட்டிவேர்ப் புல்லுக்குச் செலவு குறைவு, பொறுமை அதிகம். அரையடிக்கு ஒரு நாற்று என்றால் வரிசைக்கு 60. பத்தடிச் சரிவில் மூன்று வரிசை போட்டால் 180, பட்டுப்போவதற்கும் சேர்த்து 200 வாங்கலாம். இலையை எட்டு அங்குலமாகவும் வேரை நாலு அங்குலமாகவும் நறுக்கி, இரண்டு மூன்று தூராகப் பிரித்து நடுங்கள். வரிசை கயிறு பிடித்த நேர்கோட்டில் இல்லாமல் சமமட்டக் கோட்டில், அதாவது சரிவில் ஒரே உயரத்திலேயே, வளைந்து போக வேண்டும். நடுவில் ஒரு நாற்று பட்டுப்போனால் தண்ணீர் முழுக்க அந்த ஓட்டை வழியாகப் பாய்ந்து ஓடை பறித்துவிடும், உடனே நிரப்புங்கள். ஏற்காட்டில் ஜூன், ஜூலையில் நடலாம். சேலத்தில் ஆகஸ்ட் தொடக்கம் நல்லது.

இதற்கு வெயில் வேண்டும். சில்வர் ஓக் நிழலிலோ இரண்டு மாடி வீட்டின் வடக்குப் பக்கத்திலோ நட்டால் மெலிந்து நிற்கும். வேரை விற்கலாம் என்ற ஆசையும் வேண்டாம், தோண்டினால் மண்ணும் கூடவே வரும். நர்சரிக்காரர் 'சீக்கிரம் மூடும்' என்று மஞ்சள் பூ வெடேலியாவைக் காட்டுவார். மூடும்தான், ஆனால் வேர் மேலோடு நிற்கும், பக்கத்து மனைக்கும் படரும்.

சிமெண்ட் கருங்கல் சுவர் மூன்றிலும் செலவு கூடியது. பார்க்க உறுதி. ஆனால் சாந்து இடுக்கை அடைத்துவிடுவதால், மழையில் ஊறிய மண்ணின் பாரமும் தண்ணீரின் தள்ளுதலும் சேர்ந்து சுவரை முன்னுக்குச் சாய்க்கும். அந்தத் தண்ணீர் வெளியேற ஐந்தடிக்கு ஒரு மூன்று அங்குல பிவிசி குழாய், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்து வையுங்கள். உள்வாயில் ஜல்லி இல்லாவிட்டால் முதல் மழையிலேயே களிமண் அடைத்துக்கொள்ளும். குழாய் இல்லாத சுவரைவிடச் சாந்தில்லாத கல்கட்டே மேல். ஹாலோ பிளாக்கில் கம்பியும் கான்கிரீட்டும் இல்லாமல் மண் தாங்கச் சுவர் எழுப்ப வேண்டாம்.

எங்கள் கணக்கில் மேலே சொன்ன நாலடி இறக்கத்துக்கு, அடியில் இரண்டரை அடிக் கல்கட்டு, மேலே மிஞ்சிய சரிவில் இரண்டு வரிசை வெட்டிவேர். நிழல் அதிகமென்றால் வெட்டிவேரை விட்டுவிட்டு, ஒன்றேகால் அடியில் இன்னொரு கல்வரிசை எழுப்பி இடையில் பெரணி நடலாம். சிமெண்ட் சுவருக்குப் போக வேண்டிய இடம், கீழே பாதையோ அடுத்தவர் வீடோ ஒட்டி இருக்கும் எல்லை மட்டுமே. அங்கே உயரம் நாலடி தாண்டினால் பொறியாளரிடம் வரைபடம் வாங்காமல் தொடாதீர்கள். ஏற்காட்டில் மண் வெட்ட ஜேசிபி இறக்கும்முன் தாலுகா அலுவலகத்தில் கேட்டுவிடுவதும் நல்லது.

மழைக்கு முன் வாய்க்காலின் தலைப்பில் நாலு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். எங்கே தேங்குகிறதோ அங்கே வாட்டத்தைத் திருத்துங்கள். எங்கே கரை வழிகிறதோ அங்கே மண் அணைத்து மிதித்து இறுக்குங்கள்.