சிங்க்குக்கு அடியில் ஒரு பிரஷர் டேங்க்: சில வருடம் புழங்கிய அனுபவம்

எங்கள் வீடு தாம்பரம் பக்கம். போர்வெல் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) கோடையில் 1400-ஐத் தொடும், ஆர்ஓ இல்லாமல் வாயில் வைக்க முடியாது. சுவரில் மாட்டும் பெட்டிக்கு இடமில்லாததால் சிங்க்குக்கு அடியில் வைக்கும் வகையை வாங்கினோம். கூடவே வந்தது 12 லிட்டர் பிரஷர் டேங்க். ஆர்ஓ என்றால் எல்லாரும் உப்பை வடிகட்டும் மெம்பரேனைப் பற்றித்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால், சுகமோ தொல்லையோ பாதிக்கு மேல் இந்த டேங்கில்தான் இருக்கிறது.

12 லிட்டர் என்பது வெறும் பெயருக்கு. டேங்கின் உள்ளே ஒரு ரப்பர் தடுப்பு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. தண்ணீர் ஏற ஏறக் காற்று இறுகும், குழாயைத் திறந்தால் அந்தக் காற்றுதான் தண்ணீரைத் தள்ளும். காற்றின் அழுத்தம் காலியாக இருக்கும்போது 7 பிஎஸ்ஐ, நிரம்பி மோட்டார் நிற்கும்போது 35 பிஎஸ்ஐ என்று வைத்தால், தேறுவது 7 லிட்டருக்கும் கொஞ்சம் குறைவு. முதல் சொம்பு சீறிக்கொண்டு வரும், கடைசிச் சொம்பு சிணுங்கும்.

கரண்ட் போனாலும் இதில் தண்ணீர் வரும். டேங்கே இல்லாத புது மாடல்களில் மோட்டார் ஓடினால்தான் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இருந்ததை வைத்து ஒரு நாள் சமாளித்தோம், அப்புறம் கேன் தண்ணீர்தான்.

இரண்டாவது வருடத்தில் குழாயில் வேகம் சுத்தமாகக் குறைந்தது. சர்வீஸுக்கு வந்தவர் பார்த்த மாத்திரத்தில், "மெம்பரேன் போச்சு சார், மாத்திடலாம்" என்றார். டேங்கைத் தூக்கிப் பார்த்தால் கல்லு மாதிரி கனம். மெம்பரேன் போயிருந்தால் டேங்க் எப்படி நிரம்பும்? தண்ணீர் இருக்கிறது, தள்ளத்தான் ஆளில்லை. அவரை அனுப்பிவிட்டு, உள்ளே வரும் தண்ணீரை அடைத்து, குழாயைத் திறந்து, டேங்கை அசைத்து அசைத்துக் காலி செய்தேன். கீழ்ப்பக்கம் மூடிக்குள் சைக்கிள் டயரில் இருப்பது போன்ற ஒரு வால்வ் இருக்கும். அளந்தால் 2 பிஎஸ்ஐகூட இல்லை. கைப்பம்பால் 7-க்கு ஏற்றினேன், சரியாகிவிட்டது. டேங்க் காலியாக இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். கார் டயருக்கான கேஜ் இவ்வளவு குறைந்த அளவைச் சரியாகக் காட்டாது. வேகம் கூடட்டும் என்று 20 பிஎஸ்ஐ அடித்தால் தண்ணீர் பிடிக்கும் இடம் பாதியாகிவிடும். அந்த வால்விலிருந்து காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் ரப்பர் கிழிந்துவிட்டது, வேறு டேங்க் வாங்க வேண்டியதுதான்.

எனக்குப் பிடிக்காதது, உள்ளே பார்க்கவோ துடைக்கவோ முடியாது என்பது. ஆர்ஓ தண்ணீரில் குளோரின் இருக்காது, நாள்கணக்கில் தேங்கினால் கிருமி வளரத் தடையில்லை. எங்கள் மெஷினில் கிருமியைக் கொல்லும் யூவி விளக்கு டேங்குக்கு முன்னால் இருந்தது. தேங்கிய தண்ணீருக்கு அதனால் என்ன பயன்? டேங்குக்குப் பின்னால் மாற்றி வைக்கச் சொன்னேன். ஊருக்குப் போய் வந்தால் முழு டேங்கையும் பாத்திரம் கழுவக் கொட்டிவிடுவோம். புதிதில் அடித்த ரப்பர் வாசனையும் இரண்டு மூன்று முறை நிரப்பிக் கொட்டிய பிறகுதான் போனது. மிச்சத்தை டேங்குக்கு அடுத்து இருக்கும் கார்பன் ஃபில்டர் பார்த்துக்கொள்கிறது.

இன்னொன்று, டேங்க் நிரம்ப நிரம்ப அதன் அழுத்தம் மெம்பரேனை எதிர்த்து நிற்கும். அதனால் கடைசியில் சேரும் தண்ணீரின் டிடிஎஸ் கொஞ்சம் கூடுதல், கழிவாகப் போவதும் அதிகம். ஒவ்வொரு டம்ளராகப் பிடிப்பதைவிட, மொத்தமாகப் பிடித்துக் குடத்தில் வைத்துக்கொள்வது இதற்கு ஒத்துவருகிறது.

பெரிய டேங்க் வேண்டுமா என்று கேட்கிறார்கள். மூன்று நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இதுவே தாராளம். இரண்டு பேர்தான் என்றால் இதைவிடச் சின்னதாகவே வாங்குங்கள், தண்ணீர் தினமும் புதிதாக மாறிக்கொண்டிருக்கும்.