மூன்றடிச் சட்டத்துக்குள் குவர்னிக்கா

மேலூருக்கு அருகே நான் பணிபுரியும் அரசு உதவிபெறும் பள்ளிக்கு, பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு ஒரு நடமாடும் ஓவியக் கண்காட்சியை வரவழைத்தோம். புகழ்பெற்ற ஓவியர்களின் முப்பது படைப்புகளைக் கான்வாஸ் துணியில் அச்சிட்டு, மடக்குத் தாங்கிகளோடு வேனில் ஏற்றிவந்து, இரண்டு நாள் பள்ளியிலேயே வைத்து விளக்கிவிட்டுப் போகிறார்கள். கட்டணம் மாணவர் ஒருவருக்கு 40 ரூபாய். குறைந்தது முந்நூறு பேராவது வேண்டும் என்றதால், பக்கத்து ஊர்ப் பள்ளியையும் சேர்த்துக்கொண்டோம்.

அச்சின் தரத்தில் குறை சொல்ல இடமில்லை. வான்கோ 1889-இல் வரைந்த ‘விண்மீன்கள் நிறைந்த இரவு’ ஓவியத்தில் தூரிகை வண்ணத்தைச் சுழற்றி இழுத்துச் சென்ற தடங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பளபளப்புப் பூச்சு இல்லாததால் ஜன்னல் வெளிச்சம் நேராக விழுந்தபோதும் கண் கூசவில்லை. ஃப்ளெக்ஸ் பேனரின் பளபளப்புக்குப் பழகிப்போன மதுரைச் சீமைக் கண்களுக்கு இதுவே ஒரு மாறுதல்தான்.

விளக்க வந்த பெண் நுண்கலை பயின்றவர். ஓவியரின் பிறப்பு, இறப்பு, விருது என்று ஒப்பிக்காமல், ஒவ்வொரு படத்தின் முன்னும் பிள்ளைகளை இரண்டு நிமிடம் பேசாமல் நிற்கவைத்து, பிறகு “முதலில் எது கண்ணில் பட்டது?” என்று மட்டும் கேட்டார். ரவிவர்மாவின் இலட்சுமி படத்துக்கு வந்தபோது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “அக்கா, இது எங்க அப்பத்தா வீட்டுப் பூசை ரூம்ல மாட்டிருக்கு” என்றாள். ரவிவர்மா 1894-இல் மும்பையில் அச்சகம் தொடங்கி, அரண்மனைச் சுவர்களுக்குரிய ஓவியங்களை எளிய மக்களின் வீடுகளுக்குக் கொண்டுவந்த கதையை அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டே அவர் சொல்லி முடித்தது, நான் பார்த்த நல்ல வகுப்புகளுள் ஒன்று. ஆனால் ரவிவர்மாவுக்கு முதலில் ஓவியம் கற்பித்த தாய்மாமன் ராஜராஜவர்மா, திருவிதாங்கூர் அரசவையில் இருந்த மதுரை அழகிரி நாயுடுவிடம் பயின்றவர் என்பதை அவர் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அதைவிட இனிப்பான செய்தி வேறென்ன இருக்க முடியும்?

என் பெரிய குறை வேறு. முப்பது படங்களும் மூன்றடிச் சட்டத்துக்குள் ஒரே அளவாக அடைக்கப்பட்டிருந்தன. டாலியின் ‘நினைவின் நிலைபேறு’ உண்மையில் 24-க்கு 33 செ.மீ., அதாவது நம் பிள்ளைகளின் பெரிய நோட்டைவிடச் சற்றே பெரியது. பிக்காசோ 1937-இல் வரைந்த ‘குவர்னிக்கா’வோ 349 செ.மீ. உயரமும் 776 செ.மீ. நீளமும் உடையது. அருகருகே நின்ற இவ்விரண்டும் ஒரே நீளத்தில் இருந்தன. முன்னதை ஊதிப் பெருக்கியிருந்தார்கள். பின்னதன் நீளத்தை எட்டில் ஒரு பங்குக்கும் கீழே குறுக்கியிருந்தார்கள். குண்டுவீச்சில் அழிந்த குவர்னிக்கா என்ற ஸ்பெயின் ஊரின் ஓலத்தை, பார்ப்பவர் தலைக்கு மேலே எழுந்து நிற்கும் சுவராக அந்த ஓவியர் தீட்டியதற்குக் காரணம் உண்டு. அளவு போனால் அந்த ஓலத்தில் பாதி போய்விடுகிறது. மூலப்படைப்பைக் கொண்டுவர வேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை. குவர்னிக்காவே நாடு நாடாகச் சுருட்டி விரிக்கப்பட்டதில் சேதமடைந்துதான், 1981-இல் ஸ்பெயினுக்குத் திரும்பியபின் மாட்ரிட்டை விட்டு நகராமல் இருக்கிறது. ஆனால் படத்தின் கீழே உண்மை அளவைப் பெரிய எழுத்தில் போடுவதற்கு என்ன செலவு?

இரண்டாம் நாள் காலை, நாங்களே மைதானத்தில் டேப் வைத்து அளந்து, கோலமாவால் குவர்னிக்காவின் கட்டத்தைப் போட்டோம். எட்டாம் வகுப்புப் பையன்கள் ஐந்து பேர் தலைமாடு கால்மாடாக வரிசையாகப் படுத்தும் ஒரு சாண் மிச்சமிருந்தது. எழுந்தவர்கள் சொல்லாமலே அரங்குக்குள் ஓடிப்போய் அந்த அச்சுப்படத்தை மறுபடி பார்த்தார்கள்.

படக்குறிப்புகள் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்திலும், தமிழில் எறும்பு எழுத்திலும் இருந்தன. அதுவும் பெரியவர் கண்ணுயரத்தில். முப்பதில் இந்திய ஓவியங்கள் ஐந்துதான், தமிழகத்து ஓவியர் ஒருவர்கூட இல்லை. காந்தியைக் கோடுகளாலேயே வரைந்து காட்டிய ஆதிமூலத்தின் படம் ஒன்று இருந்திருந்தால், வண்ணம் வாங்க வசதியில்லாத பிள்ளையும் அன்று மாலையே ஒரு பேனாவை எடுத்திருக்கும்.

நிறுவனத்திடம் தொலைபேசியில் இவற்றைச் சொன்னேன். வேனுக்குள் இருக்கும் அடுக்குச் சட்டத்துக்காகவே எல்லாம் ஒரே அளவு என்றும், அளவுக் குறிப்புகளைச் சேர்க்கப் பார்ப்பதாகவும் பொறுமையாகவே பதில் சொன்னார்கள். கொடுத்த பணத்துக்கு மோசமில்லை. அந்த விளக்குநர் வருவாரா என்பதை மட்டும் முன்பே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அரங்கு இல்லாத பள்ளிகள் மழைக்காலத்தைத் தவிர்ப்பது நல்லது. தை, மாசிக்கு ஆவணியிலேயே தேதி வாங்கிவிட வேண்டும். கோலமாவு நம் பொறுப்பு.