நாலு போர்ஷன் வீட்டில் ஐந்தாவது: மாடியா, தடுப்பா, கார் நிறுத்துமிடமா?

சென்னையில் ஒரு கிரவுண்டு என்றால் 2400 சதுர அடி. எஃப்.எஸ்.ஐ., அதாவது மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பு, 1.5 ஆக இருந்த காலத்தில் அதில் 3600 சதுர அடிதான் கட்ட முடிந்தது. 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அதை 2 ஆக்கின. முழு அளவுக்கும் கட்டி நாலு போர்ஷன் வாடகைக்கு விட்டவருக்கும் கணக்குப்படி இன்று 1200 சதுர அடி மிச்சம் இருக்கிறது. தாராளமான இரண்டு பெட்ரூம் வீடு.

சரி, அதை எங்கே வைப்பது? எல்லோருக்கும் முதலில் கண்ணில் படுவது மொட்டை மாடிதான். அதிலும் பில்லர் கம்பிகள் மேலே நீட்டிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் அந்தக் கம்பி, கட்டியவருக்கு அன்று இருந்த ஆசையைத்தான் சொல்லும். அஸ்திவாரம் இன்னொரு தளத்தைத் தாங்கும் என்று அது சாட்சி சொல்லாது. பல வருடம் மழையில் நனைந்து துருவேறி இளைத்துப்போன கம்பியாகவும் இருக்கும்.

எடையைக் கொஞ்சம் பாருங்கள். 9 அங்குலச் செங்கல் சுவர், 10 அடி உயரம் என்றால், ஓரடி நீளத்துக்கே ஏறக்குறைய 400 கிலோ. 30 அடி நீளச் சுவர் ஒன்று 12 டன். இதில் தளம், தரை, தண்ணீர்த் தொட்டி, ஆட்கள் எதுவும் சேரவில்லை. ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) வைத்தால் சுவர் எடை மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்பதால் மாடி எடுப்பவர்கள் பலர் அதற்குப் போகிறார்கள். இருந்தாலும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் பில்லர் ஓரமாகக் குழி தோண்டி அடித்தளத்தின் அகலத்தை அளந்து, கான்கிரீட்டையும் சோதித்துப் பார்க்காமல் மேஸ்திரி வாய்மொழியை நம்பி இறங்கக் கூடாது. பில்லரே இல்லாத பழைய சுவர் வீடாக இருந்தால் மேல் சுவர் கீழ்ச் சுவரின் மேலேயே உட்கார வேண்டும். அறைகளை உங்கள் இஷ்டத்துக்கு அமைக்க முடியாது.

அப்புறம் கீழ்வீட்டுக்காரர்கள். மொட்டை மாடியில் பதித்த தட்டு ஓடுகளைப் பெயர்த்த நாளிலிருந்து புதுக் கூரை போடும்வரை அவர்கள் தலைக்கு மேல் வெறும் கான்கிரீட்தான். பொங்கல் கழிந்து ஆரம்பித்தால் ஐப்பசி மழைக்குள் முடிக்கலாம். ஆடியில் ஆரம்பிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். உயரம் கூடும்போது பக்கங்களில் விட வேண்டிய காலியிடமும் கூடலாம் என்பதால், மிச்சமிருக்கும் 1200 முழுதாகக் கைக்கு வரும் என்றும் சொல்ல முடியாது. ஒரே ஆறுதல், இதுவரை வெயிலில் வெந்த மேல்வீட்டுக்காரர் இனிமேல் நிம்மதியாகத் தூங்குவார்.

பெரிய போர்ஷன் ஒன்றைத் தடுத்து இரண்டாக்கினால் இந்த வம்பு பெரும்பாலும் இல்லை. பரப்பு கூடாததால் எஃப்.எஸ்.ஐ. தொடப்படுவதே இல்லை, செலவும் மாடியோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. மூன்று பெட்ரூம் வீடு ஒன்றின் வாடகையைவிட இரண்டு சின்ன வீடுகளின் வாடகை சேர்ந்து அதிகமாகத்தான் வரும். சிக்கல் கழிவறையில். நாலங்குலக் குழாய்க்கு வாட்டம் வேண்டும். தளம் தாழ்த்திப் போடப்படாத இடத்தில் புதுக் கழிவறை வைத்தால் தரையை அரையடி உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் குழாய் கீழ்வீட்டு உத்தரத்தில் தொங்கும். இருக்கிற கழிவறையின் மறுபக்கச் சுவரை ஒட்டியே புதியதையும் வைத்தால் பாதிக் கவலை தீரும். உள்ளே சுவர் வைப்பதுதானே என்று அனுமதி வாங்காமல் விடுகிறவர்கள் உண்டு. வீடுகளின் எண்ணிக்கை கூடினால் வண்டி நிறுத்த வேண்டிய இடமும் சொத்துவரியும் மாறும், கேட்டுவிட்டுச் செய்வதே நல்லது.

கீழே ஸ்டில்ட்டை (வண்டி நிறுத்தத் தூண்கள் மட்டும் விட்ட தரைத்தளத்தை) அடைத்து வீடாக்கும் யோசனையை நான் அடியோடு மறுப்பேன். வண்டி நிறுத்த என்று காட்டித்தான் அந்த இடம் எஃப்.எஸ்.ஐ. கணக்கில் சேராமல் தப்பியது. அடைத்தால் அது விதிமீறல், 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் பூட்டி சீல் வைக்க வழி இருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் முதலில் எங்கே புகுந்தது என்று வேளச்சேரிக்காரர்களைக் கேளுங்கள்.

என்னைக் கேட்டால், வாடகைக்காக என்றால் தடுப்புச் சுவர். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வீடாக எழுதி வைக்கத்தான் என்றால், இன்ஜினியர் சரி என்ற பிறகு மாடி. கட்டடம் ஒருவர் பெயரில் இல்லாமல், நிலத்தில் ஆளுக்கொரு பிரிபடாத பங்கோடு (யூ.டி.எஸ்.) பிரிந்திருந்தால், மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. மற்றவர்கள் கையெழுத்துப் போடாமல் ஒரு செங்கல் ஏற்றாதீர்கள்.

எந்த வழியில் போனாலும் புதுவீட்டுக்குத் தனி வாசலும் தனிச் சமையலறையும் முதலிலேயே திட்டத்தில் இருக்கட்டும். மின்சாரத்தில் இலவச யூனிட் என்பது வீட்டு இணைப்பை வைத்துத்தான் கணக்கு. தனிக் குடித்தனம் என்று நேரில் பார்த்தே தெரியாவிட்டால் இரண்டாவது மீட்டருக்கு மின்வாரிய அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டிவரும்.