அம்மாவின் மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்த பாமசிஸ்ட்: ஹோம் மெடிசின்ஸ் ரிவியூ எங்களுக்கு என்ன செய்தது

அம்மாவுக்கு 79 வயது. மார்கழியில் யாழ்ப்பாணம் போய் மூன்று மாதம் நின்றுவிட்டு வந்தார். சிட்னிக்கு வந்து இரண்டாவது கிழமை, விடியப்புறம் குளியலறைக்குப் போகும்போது தலைசுற்றி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, நெற்றியில் மட்டும் காயம். நான் ஓடிப்போய்ப் பிரஷர் பார்த்தபோது மேல் இலக்கம் நூறுக்கும் கீழே இருந்தது. பல வருடமாகப் பிரஷர் கூட என்று குளிசை போடுகிறவருக்கு இப்படி ஏன் இறங்கியது என்று எனக்கு விளங்கவில்லை. டொக்டரிடம் போனோம், பத்து நிமிடம் பார்த்தார், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்.

அப்புறம் கோயிலில் சந்தித்த ஒரு அக்கா சொல்லித்தான் இந்தச் சேவையைப் பற்றியே தெரியவந்தது. ஹோம் மெடிசின்ஸ் ரிவியூ. 2001-இலிருந்து ஆஸ்திரேலியாவில் நடக்கிறது, நான் இங்கே வந்து பதினெட்டு வருடமாகியும் ஒரு டொக்டரும் வாய் திறந்து சொன்னதில்லை, எனக்கு அதுதான் பெரிய மனவருத்தம். விஷயம் இதுதான்: உங்கள் குடும்ப டொக்டர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால், இதற்கென்றே மேலதிகமாகப் படித்துத் தகுதி பெற்ற பாமசிஸ்ட் ஒருவர் வீட்டுக்கு வந்து, வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் பார்த்து, ஆளோடு இருந்து கதைத்து, டொக்டருக்கு அறிக்கை எழுதி அனுப்புவார். மெடிக்கேர் என்ற அரசாங்க மருத்துவக் காப்புறுதிக் கார்டு இருந்தால் எங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை. ஐந்து அல்லது அதற்கு மேல் மருந்து எடுக்கிறவர்கள், அண்மையில் ஆஸ்பத்திரியால் வந்தவர்கள், போன மூன்று மாதத்துக்குள் மருந்து நிறைய மாறியவர்கள், இவர்களுக்கெல்லாம் கேட்கலாம். விசிட்டர் விசாவில் வந்து நிற்கிற பெற்றோருக்குக் கிடைக்காது.

எங்கள் டொக்டரிடம் கேட்டவுடன் எழுதித் தந்தார். ஆனால் ஆள் வர ஐந்து கிழமை எடுத்தது. ஒரு பாமசிஸ்ட் மாதத்துக்கு 30 வீடுதான் பார்க்கலாம் என்று அரசாங்கம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது, அதனால் நல்லவர்களிடம் வரிசை நீளம். விழுந்து எழும்பின ஒரு மனுஷிக்கு ஐந்து கிழமை என்பது மிக நீண்ட காலம். ஒவ்வொரு இரவும் அம்மா எழும்புகிற சத்தத்துக்குக் காது கொடுத்தபடிதான் படுத்தேன்.

வந்தவர் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், தமிழர் இல்லை. கூடுதலாக வயதானவர்களைத்தான் பார்ப்பதாகச் சொன்னார். நான் மொழிபெயர்க்கலாம் என்று பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன். அவர் மிகவும் மரியாதையாக, அம்மாவின் வார்த்தையை நேரே கேட்க விரும்புகிறேன் என்று சொல்லி, 131 450-க்கு அடித்து டிஸ் நேஷனல் என்ற அரசாங்க மொழிபெயர்ப்புச் சேவையிலிருந்து தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் எடுத்து மேசையில் வைத்தார். அவர் தமிழ்நாட்டுக்காரர் போல, மாத்திரை என்றார், அம்மா குளிசை என்றார், இரண்டு நிமிடத்தில் பழகிவிட்டது. எனக்கு முதலில் கொஞ்சம் சுருக்கென்றது, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் அடுத்த அரை மணித்தியாலத்தில் அம்மா சொன்னவற்றில் பாதி எனக்கே தெரியாத விஷயம். மேஸ்ஹில் முருகன் கோயிலுக்குப் போகிற நாட்களில் தண்ணீர்க் குளிசையைப் போடுவதில்லையாம், அங்கே அடிக்கடி பாத்ரூமுக்கு ஓட வெட்கமாம். இதை மகனிடம் எப்படிச் சொல்வது என்று விட்டிருக்கிறார். பிள்ளைகள் மொழிபெயர்த்தால் இதெல்லாம் ஒருநாளும் வெளியே வராது.

பிறகு பாமசிஸ்ட் எல்லா மருந்தையும் கொண்டுவரச் சொன்னார். நான் டொக்டர் எழுதின பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தேன். அவர் அம்மாவிடம், தலையணைக்குக் கீழே, கைப்பையில், சமையலறையில், ஃபிரிட்ஜில், ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் எல்லாம் இருப்பதையும் எடுங்கள் என்று கேட்டார். எடுத்து முடிய மேசையில் பதினேழு சாமான். அதில் ஐந்து காலாவதியானவை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் எழுதிக் கொடுத்த லோசார்டான் இருந்தது. அம்மா இங்கே ஏற்கெனவே பெரிண்டோபிரில் போடுகிறார். பெயர் வேறு, பெட்டி வேறு, ஆனால் இரண்டும் உடம்பில் ஒரே பாதையில்தான் வேலை செய்யும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் பிரஷர் அளவுக்கு மீறி இறங்கும், பொட்டாசியம் ஏறும், கிட்னிக்கும் நல்லதில்லை. ஊர் மருந்து நல்ல மருந்து, இங்கத்தைய மருந்தும் நல்ல மருந்து, அதனால் இரண்டும் போட்டேன் என்று அம்மா சொன்னார். அம்மாவில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே எழுதியவருக்கு இங்கத்தைய பட்டியல் தெரியாது, இங்கத்தைய டொக்டருக்கு அங்கத்தையது தெரியாது, நடுவில் பார்க்க ஒருவரும் இல்லை.

அதோடு முழங்கால் நோவுக்கு சுப்பர்மார்க்கெட்டில் வாங்கின ஐபுப்ரோஃபன். கையில் எடுத்தவுடனேயே பாமசிஸ்டின் முகம் மாறியது. பெரிண்டோபிரில் போன்ற பிரஷர் மருந்து, தண்ணீர்க் குளிசை, ஐபுப்ரோஃபன் போன்ற நோவுக் குளிசை, இந்த மூன்றும் ஒன்றாகப் போனால் வயதானவர்களின் கிட்னி திடீரென்று அடிபடலாம் என்று ஒரு தாளில் படம் கீறிக் காட்டினார். இங்கே இதற்கு ட்ரிபிள் வாமி என்று தனிப் பெயரே இருக்கிறதாம். மருந்துச் சீட்டு இல்லாமல் பால், பாணோடு சேர்த்து வாங்குகிற சாமான் என்பதால் நான் அதை மருந்துக் கணக்கிலேயே வைக்கவில்லை. உங்கள் வீட்டிலும் தேடிப் பாருங்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அம்மாவின் கால் இரண்டு வருடமாக வீங்குகிறது. அதற்குத்தான் ஃபுரோசமைட் என்ற தண்ணீர்க் குளிசை. அது போட்டதால் அவசரமாகச் சிறுநீர் போகிறது, அதற்கு ஒக்ஸிபியூட்டினின். அது போட்டதால் வாய் காய்கிறது, மலச்சிக்கல், அதற்கு ஒரு மருந்து. அம்மா கொஞ்சம் மறதியாகவும் தடுமாற்றமாகவும் இருந்தார், அதை நாங்கள் வயது என்று நினைத்திருந்தோம், ஆனால் ஒக்ஸிபியூட்டினினும் வயதானவர்களுக்கு அப்படிச் செய்யும். பாமசிஸ்ட் பின்னோக்கிப் போய்த் திகதிகளைப் பார்த்தார். கால் வீக்கம் தொடங்கியது அம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் குளிசையை 5-இலிருந்து 10 மில்லிகிராமுக்குக் கூட்டின பிறகு. அம்லோடிபினால் வருகிற வீக்கத்துக்குத் தண்ணீர்க் குளிசை அவ்வளவாக உதவாதாம், ஏனென்றால் அது உடம்பில் நீர் கூடியதால் வந்த வீக்கம் இல்லை. ஒரு குளிசையின் பக்க விளைவை மறைக்க இன்னொரு குளிசை, அதை மறைக்க இன்னொன்று. எழுதிக் கொடுத்தவர்கள் வேறு வேறு ஆட்கள், ஒவ்வொருவரும் தங்கள் துண்டைச் சரியாகத்தான் செய்தார்கள். சங்கிலி முழுவதையும் ஒரு மேசையில் வைத்துப் பார்த்த முதல் ஆள் இவர்தான்.

மற்றவை சின்ன விஷயங்கள், ஆனால் பிரயோசனமானவை. தைரொய்ட்டுக்குப் போடுகிற தைரொக்ஸினை அம்மா காலையில் பால் தேத்தண்ணியோடு, கல்சியம் குளிசையையும் சேர்த்துப் போடுவார். கல்சியம் அதை உடம்பில் சேர விடாது, சில மணித்தியாலம் இடைவெளி வேண்டும், தைரொக்ஸினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். பெட்டியில் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லி இருந்தது, எங்கள் வீட்டில் அடுப்புக்கு மேலே தட்டில் இருந்தது. பனடோல் ஒஸ்டியோ ஒரு நாளைக்கு ஆறு போடுகிறவர் தலையிடி வந்தால் சாதாரண பனடோலும் போடுவார், இரண்டும் ஒரே பரசிட்டமோல். இதை இனி செய்யக் கூடாது என்று அம்மாவையே திருப்பிச் சொல்ல வைத்தார்.

இன்னொன்று, கந்தசஷ்டி. அம்மா ஆறு நாளும் பாலும் பழமும்தான். சீனி வருத்தத்துக்கு கிளிக்லசைட் போடுகிறவர் சாப்பிடாமல் இருந்தால் சீனி ஆபத்தாகக் குறையலாம். பாமசிஸ்டுக்குச் சஷ்டி என்றால் என்னவென்று தெரியாது, ஆனால் விரதம் இருப்பீர்களா என்று தானாகவே கேட்டார், எத்தனை நாள், என்ன குடிப்பீர்கள், எந்த மாதம் என்று எல்லாம் எழுதிக்கொண்டார். விரதத்தை விடச் சொல்லவில்லை. அதற்கு முன்னமே டொக்டரோடு குளிசையின் அளவைக் கதைத்து மாற்ற வேண்டும் என்றார். அம்மாவுக்கு அதன் பிறகு அவர் பிள்ளைதான், போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பாமசிஸ்ட் தானாக ஒரு குளிசையையும் நிறுத்த முடியாது, பரிந்துரை மட்டும்தான். டொக்டர் அதை வாசித்து எங்களைக் கூப்பிட்டுக் கதைத்தால்தான் பலன். எங்களை யாரும் கூப்பிடவில்லை. இரண்டு கிழமை கழித்து நான் அழைத்துக் கேட்டபோது அறிக்கை வந்து திறக்காமலே கிடந்தது. ஆகவே பாமசிஸ்ட் வந்து போகிற அன்றைக்கே டொக்டரிடம் அப்பொயின்ட்மென்ட் போட்டுவிடுங்கள், நீண்ட நேரம் வேண்டும் என்று சொல்லிப் போடுங்கள். அறிக்கையின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். நான் வாங்கினேன், அது டொக்டருக்கு எழுதின ஆங்கிலம், அம்மாவுக்கு விளங்குகிற மாதிரி ஒரு பக்கம்கூட இல்லை. நானே இருந்து தமிழில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். இந்த ஒரு இடத்தில் சேவை முன்னேற வேண்டும்.

டொக்டர் கடைசியில் பெரும்பாலானதை ஏற்றுக்கொண்டார். லோசார்டானும் ஐபுப்ரோஃபனும் அன்றே நின்றன. இரத்தம் சோதித்தபோது பொட்டாசியம் கூடியிருந்தது, ஒரு மாதத்தில் சரிவந்தது. அம்லோடிபின் பழையபடி 5, ஃபுரோசமைட்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள், ஒக்ஸிபியூட்டினினும் போனது. இதை வாசித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், எங்களுக்கும் ஒவ்வொன்றாக, பிரஷர் பார்த்துப் பார்த்துத்தான் செய்தார்கள். மிச்சக் குளிசைகள் இப்போது நாள், வேளை பிரித்துப் பாமசியே அடைத்துத் தருகிற வெப்ஸ்டர் பாக்கில் வருகின்றன, கிழமைக்குச் சில டொலர். காலாவதியானவற்றைப் பக்கத்துப் பாமசியில் கொடுத்தேன், எந்தப் பாமசியிலும் இலவசமாக வாங்கி அழிக்கிறார்கள், குப்பையில் போட வேண்டாம்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை குறைந்தது காத்திருப்புக்கும் அந்தத் திறக்காத அறிக்கைக்கும். வந்த பாமசிஸ்டுக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு ஐந்து.

முதல் வருகைக்குப் பிறகு ஒன்பது மாதத்துக்குள் இரண்டு தடவை திரும்பப் பார்க்கவும் இடமிருக்கிறது. ஒன்று ஆடியில் முடிந்தது, அம்மாவின் கால் வீக்கம் நன்றாக வற்றியிருந்தது, வாய் காய்வதும் நின்றுவிட்டது. அடுத்ததைச் சஷ்டிக்கு இரண்டு கிழமைக்கு முன் போட்டிருக்கிறோம்.