ரெகுலேட்டர்: டீலர் கடையா, ஆன்லைன் மலிவா?

டர்பன் அருகே கடலடிப் பாறைத் திட்டான அலிவால் ஷோலில் ஸ்கூபா டைவிங் இறங்கத் துடிக்கும் டர்பன் தமிழ் இளைஞர்கள் பலருக்கும், சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி தரும் ரெகுலேட்டரை எங்கே வாங்குவது என்ற குழப்பம் உண்டு. அங்கீகாரம் பெற்ற டீலரா, ஆன்லைனில் யாரோ விற்கும் மலிவுச் சரக்கா?

விலை: டீலரிடம் கூடுதல். ஆன்லைனில் குறைவு, ஆனால் வெளிநாட்டுப் பார்சல் என்றால் 15% வாட் வரியையும் கணக்கில் சேருங்கள்.

உத்தரவாதம்: டீலர் பில்லுக்குக் கம்பெனி பொறுப்பு. அனுமதியில்லாத விற்பனையாளரின் பில் என்றால் பல கம்பெனிகள் கைவிரித்துவிடும், பொருள் அசலாகவே இருந்தாலும். சீரியல் நம்பரைச் சுரண்டியிருந்தால் தொடவே வேண்டாம்.

சட்டம்: இங்கேதான் பலர் தவறாக நினைக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளுக்கு 6 மாதம் வரை விற்றவரே பொறுப்பு. ரிப்பேரா, வேறு பொருளா, பணமா என்று வாங்கியவர் கேட்கலாம். பிராண்ட் உரிமையாளரின் அனுமதியில்லாமல் இறக்குமதியான சரக்கு என்றால் அதையும் அறிவிக்க வேண்டும். உள்ளூர் ஆன்லைன் கடையையும் இது கட்டுப்படுத்தும். கடல் கடந்த கடைக்காரரிடம் இந்தச் சட்டத்தைக் காட்டி என்ன பயன்?

சர்வீஸ்: அசல் உதிரி பாகங்களைக் கம்பெனிகள் பெரும்பாலும் டீலருக்கே தருகின்றன. மலிவாக வாங்கியவர் அப்புறம் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

சரி, மாஸ்க், ஃபின், ஸ்நார்க்கல் என்றால் ஆன்லைன் போதும். உயிர் நம்பியிருக்கும் ரெகுலேட்டரும், தண்ணீரில் மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்டான பிசிடியும் டீலரிடம்தான். டீலர் உண்மையானவரா என்பதைக் கம்பெனியிடமே கேட்டுவிடுங்கள்.